காரணம் கேட்கிறான் ஓவியன்!

ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது அந்த அறிவிப்பு. ஓவியர்களே, உங்கள் படைப்புகளை அனுப்புங்கள். தேர்ந்தெடுக்கப்படுவன கண்காட்சியில் இடம் பெறும். சிறந்தவற்றுக்குப் பரிசு உண்டு. நடுவர் குழுவின் முடிவே இறுதியானது! வட்டார ஓவியர் சங்கங்கள் நடத்தும் ஆண்டுக் கண்காட்சிகளின் அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. ஊர் மாறும், சங்கத்தின் பெயர் மாறும், திறந்து வைக்க வரும் பெருமகனார் மாறுவார். கடைசி வரி மட்டும் மாறுவதில்லை. அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் நாம் இங்கே பேச முற்படுகிறோம்.

யார் அனுப்புகிறார்கள் ஓவியங்களை? பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளோடு மல்லாடிவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து வண்ணம் குழைக்கும் எழுத்தர் அனுப்புகிறார். ஐந்து வகுப்புகளுக்கும் வரைதல் கற்பித்துவிட்டு, விடுமுறை நாளில் தனக்கென ஒரு படம் தீட்டும் ஓவிய ஆசிரியர் அனுப்புகிறார். கல்லூரியை முடித்து வேலை தேடித் திரியும் இளைஞன் அனுப்புகிறான். நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும், சட்டம் போடவேண்டும், கண்ணாடி உடையாமல் நகருக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். அதற்காக வீட்டுச் செலவில் எதைக் குறைத்தார்கள் என்பதை அந்த வீட்டாரே அறிவர்.

சில கிழமைகள் சென்றதும் ஓவியம் திரும்பி வருகிறது. உடன் வருவது ஒற்றை வரி: 'தேர்வு பெறவில்லை.'

ஏன்? வரைவிலே பிழையா? வண்ணத்திலே வறுமையா? கருத்துப் பிடிக்கவில்லையா? சுவரிலே இடம் இல்லையா? அல்லது, அனுப்பியவன் பெயர் அங்கே எவருக்கும் தெரியாததுதான் காரணமா? விடை இல்லை. முடிவுதான் இறுதியானதாயிற்றே! இறுதியானதற்குக் காரணம் எதற்கு என்கிறார்கள். காரணம் கூறாத முடிவுக்கு இறுதியானது என்று பெயர் சூட்டும் உரிமை எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கிறோம்.

'தரத்தைக் காக்கிறோம்' என்பார்கள். நல்லது. தரம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தரத்தின் காவலர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் எதைக் காத்தார்கள், எதைத் துரத்தினார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. அந்த ஏட்டைச் சற்றுப் புரட்டுவோம்.

பாரிசு நகரில் 'சலோன்' என்னும் பெருங்கண்காட்சி நடைபெற்று வந்தது. 1667ஆம் ஆண்டில் தொடங்கியது அது. 1748 முதல் நடுவர் குழு அமைந்தது. அங்கே இடம் பெற்றவன் ஓவியன். இடம் பெறாதவன் ஒன்றுமில்லாதவன். வாங்குவோர் அங்கே கண்டதையே வாங்கினர். ஏடுகள் அங்கே தொங்கியதையே பேசின. 1863ஆம் ஆண்டில் அந்தக் குழு இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட படைப்புகளை வேண்டாமென்று ஒதுக்கிற்று. ஓவியர்கள் கொதித்தெழுந்தனர். கூச்சல் அரண்மனைக்கும் எட்டியது. மூன்றாம் நெப்போலியன் ஆணை பிறப்பித்தான்: ஒதுக்கப்பட்டவற்றையும் அதே மாளிகையில் வேறொரு பகுதியிலே வையுங்கள், மக்கள் பார்த்துத் தீர்ப்பளிக்கட்டும்!

அந்த 'ஒதுக்கப்பட்டோர் கண்காட்சி'யில் இருந்தவர்கள் யார்? மானே இருந்தார், 'புல்வெளியில் பகலுணவு' என்ற அவருடைய ஓவியம் இன்று பாரிசின் ஒர்சே அருங்காட்சியகத்தின் பெருமைகளுள் ஒன்று. விசிலர் இருந்தார், வெள்ளுடை அணிந்த நங்கையை அவர் தீட்டிய ஓவியத்தை 1862இல் இலண்டன் மறுத்தது, 1863இல் பாரிசு மறுத்தது, இன்று அது வாசிங்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் தொங்குகிறது. பிசாரோ இருந்தார்; செசான் இருந்தார். அவ்வாண்டிலே தேர்வு பெற்றுப் பதக்கம் சூடியவர்களில் எத்தனை பேரை இன்று உலகம் நினைவில் வைத்திருக்கிறது? தரத்தின் காவலர்கள் வாயிலைக் காத்து நின்றனர். தரமோ வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது!

இதைப் பழங்கதை என்று சிரித்துத் தள்ளலாகாது. அந்தக் கதையில் இரத்தக் கறையும் உண்டு. 1866ஆம் ஆண்டில் அதே சலோன் மறுத்ததை அடுத்து, ஜூல் ஹோல்ட்சாப்பெல் என்ற ஓவியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எமில் சோலா அந்தச் சாவைச் சுட்டிக்காட்டி, நடுவர் குழுவைக் கண்டித்து எழுதினார். நாம் அந்த ஓவியரின் முடிவைப் போற்றவில்லை. ஒரு மறுப்புச் சீட்டுக்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும், ஓவியனின் ஆற்றலைத் தீர்மானிக்கும் ஒரே இடம் இதுதான் என்று ஒரு சங்கம் தன்னை ஆக்கிக்கொள்ளும்போது, அதன் வாய்மூடிய மறுப்பு எத்தனை கொடிய கருவியாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

அதே ஆண்டில் செசான், ஒதுக்கப்பட்டோர் கண்காட்சியை மீண்டும் நடத்துங்கள் என்று மேலிடத்துக்கு மடல் எழுதினார். மறுத்துவிட்டார்கள். ஆனால் வரலாறு அவர்கள் இசைவுக்காகக் காத்திருக்கவில்லை. 1874இல் மோனே, தெகா, ரெனுவார் உள்ளிட்ட ஏறத்தாழ 30 பேர், ஒரு நிழற்படக்காரரின் பழைய கூடத்திலே நடுவர் இல்லாத கண்காட்சியைத் தாமே நடத்தினர். 1884இல் சூரா என்ற இளைஞர் தீட்டிய 'அனியேரில் நீராடுவோர்' மறுக்கப்பட்டது. அவரும் தோழர்களும் கூடி, நடுவரும் இல்லை, பரிசும் இல்லை என்ற முழக்கத்தோடு ஒரு சங்கம் கண்டனர். சுங்கச் சாவடியிலே பணியாற்றிய ரூசோவுக்கு அந்தச் சங்கம் சுவர் கொடுத்தது. வான்காவுக்கும் சுவர் கொடுத்தது. அவர்களை வெளியே நிறுத்தியிருந்தால் இழப்பு அவர்களுக்கு மட்டுமா?

இலண்டனைப் பார்ப்போம். அங்கே அரச ஓவியக் கழகம் 1769 முதல் ஆண்டு தவறாமல் கண்காட்சி நடத்தி வருகிறது. 1938இல் வின்டம் லூயிஸ் என்பவர், கவிஞர் டி.எஸ். எலியட்டின் உருவப்படத்தை அனுப்பினார். மறுத்தனர். புகழ்பெற்ற ஓவியர் அகஸ்டஸ் ஜான், இது முறையா என்று சினந்து கழகத்தின் பொறுப்பிலிருந்தே விலகினார். மறு ஆண்டு தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரக் கலைக்கூடம் அப்படத்தை வாங்கிக்கொண்டது. பத்தாண்டு கழித்து எலியட் நோபல் பரிசு பெற்றார். இலண்டனிலே சுவர் கிடைக்காத படத்துக்குக் கடல் கடந்து சுவர் கிடைத்தது!

அந்தக் கழகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1768இல் அதை நிறுவியவர்களிலே இரண்டு பெண்கள் இருந்தனர்: ஆஞ்சலிக்கா காஃப்மன், மேரி மோசர். அவர்களுக்குப் பின் முழு உறுப்பினராக ஒரு பெண், லாரா நைட், தேர்ந்தெடுக்கப்பட்டது 1936இல்! இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, தூரிகை பிடிக்கத் தெரிந்த பெண்ணே அந்த நாட்டில் பிறக்கவில்லையா? பிறந்தாள், வரைந்தாள். தேர்ந்தெடுக்கும் நாற்காலியிலே அவளுக்கு இடமில்லை. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு கூறியதும், 'நடுவர் குழுவையே ஒழித்துவிடச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். நமக்கு எதிராக நிற்கும் சான்றுகளையும் நாம் மறைக்கப் போவதில்லை. 1863இல் ஒதுக்கப்பட்ட ஓவியங்களைக் காண வந்த மக்கள் அவற்றின் முன்னே நின்று கைகொட்டிச் சிரித்தார்கள். ஆம், மக்களும் தவறினார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மக்கள் சிரித்ததற்குக் காரணம் படம் கண்ணெதிரே இருந்தது. கண்ணெதிரே இருந்ததால்தான் சிரிப்பு அடங்கியபின் மறுமுறை பார்க்க முடிந்தது. பூட்டிய அறையில் தவறிய தீர்ப்புக்கு மறுபார்வை ஏது?

1917இல் நியூயார்க் நகரில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. கட்டணம் கட்டிய எவருடைய படைப்பும் வைக்கப்படும், நடுவர் கிடையாது, வரிசைகூட அகரவரிசைதான் என்று அறிவித்தது ஒரு தனிநிலை ஓவியர் சங்கம். அதன் பொறுப்பாளருள் ஒருவரான மார்செல் டூஷாம், வேறு பெயரில் ஒரு சிறுநீர்க் கலத்தை அனுப்பிவைத்தார். விதிப்படி அதை வைத்தாக வேண்டும். வைக்கவில்லை! பொறுப்பாளர்கள் கூடி வாக்கெடுத்து மறைத்துவிட்டனர், டூஷாம் விலகினார். அது கலையா அன்றா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அந்த வாதம் நமக்கு வேண்டாம். ஏட்டிலே நடுவரை நீக்கிவிட்டாலும் எண்ணத்திலே நடுவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே நாம் கற்கும் பாடம். ஆகவே, நடுவரே கூடாது என்பதல்ல நம் வழக்கு. நடுவரும் விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதே நம் வழக்கு.

நம் நாட்டுக்கு வருவோம். 1944இல் சென்னையிலே கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டனர். 1966இல், கைவினைப் பொருள்கள் விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு கடற்கரை மணலிலே சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊரையே எழுப்பினர். யாரோ திறக்கும் வாயிலுக்காகக் காத்திராமல் தம் வாயிலைத் தாமே அமைத்த அந்தத் துணிவை நாம் வணங்குகிறோம். ஆனால், வாயிலைத் தேடி அலைந்தவர்கள் தொடங்கிய மரபிலே வந்த சங்கங்கள், இன்று பிறர்க்கு வாயிலை அடைக்கலாமா?

கோவில்பட்டியிலே கொண்டையராஜு என்றொரு ஓவியர் வாழ்ந்தார். சிவகாசி அச்சகங்களின் வழியாக அவர் தீட்டிய படங்கள் நாட்காட்டிகளாகித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரையெல்லாம் நிறைத்தன. கண்காட்சி காணாத கிழவியும் அவர் கைவண்ணத்தைக் கண்டிருக்கிறாள். திரைப்படக் கொட்டகை வாயில்களிலே, துணியிலே கட்டம் கிழித்து, சாரத்தின் மேல் நின்று, ஆள் உயரத்தைப் போல் பன்மடங்கு முகங்களைத் தீட்டினார்களே, அந்த விளம்பரப் பலகை ஓவியர்களை எண்ணிப் பாருங்கள். பொறியால் அச்சிடும் பதாகைகள் வந்து அவர்கள் பிழைப்பைப் பறித்துவிட்டன. அவர்களிலே எத்தனை பேருக்கு ஆண்டுக் கண்காட்சியின் விண்ணப்பத் தாள் சென்று சேர்ந்தது? சேர்ந்திருந்தாலும், அது அவர்களுக்குப் புரியும் மொழியில் இருந்ததா?

நாம் வகுப்பறையிலே நிற்பவர்கள். ஒரு மாணவனுக்குச் சுழியம் போட்டால், ஏன் சுழியம் என்று காட்டியாக வேண்டும். மேல்நிலைத் தேர்வெழுதிய மாணவன் தன் விடைத்தாளின் படியைக் கேட்டுப் பெறலாம், மறுமதிப்பீடு கோரலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு நாடு வழங்கியிருக்கும் அந்த உரிமையை, நாற்பது ஆண்டு தூரிகை பிடித்தவருக்கு ஒரு சங்கம் மறுக்கிறது. திருத்துபவர் விடை சொல்லவேண்டும் என்றால் திருத்தும் வேலையே நடக்காது என்று அன்றும் சிலர் அஞ்சியிருப்பர். திருத்தும் வேலை நின்றுவிடவில்லை, கவனம்தான் கூடிற்று.

எனவே கேட்கிறோம். நடுவர்களின் பெயரை விண்ணப்பம் கோரும்போதே அறிவியுங்கள். தம் மாணவர், தம் உறவினர், தம் சங்கத்துப் பொறுப்பாளர் ஆகியோரின் படைப்பு வரும்போது நடுவர் எழுந்து வெளியே செல்லட்டும். ஓவியனின் பெயரை மறைத்து ஓவியத்தை மட்டும் காட்டுங்கள். மறுக்கும் ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு வரி, தமிழிலே, காரணம் எழுதுங்கள். நூற்றுக்கணக்கில் வருகின்றனவே, எப்படி எழுதுவது என்கிறீர்களா? காரணம் இல்லாமலா ஒதுக்கினீர்கள்? இருந்த காரணத்தை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்காட்சி முடிந்தபின் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒதுக்கப்பட்டவற்றை அதே சுவரிலே வையுங்கள். தேர்ந்தவற்றை மாவட்டத் தலைநகர்ப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துச் செல்லுங்கள்; நம் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும். முடிசூடிய ஒரு பேரரசன், 1863இலே, ஒதுக்கப்பட்டவனுக்குச் சுவர் கொடுத்தான். முடியும் இல்லை, படையும் இல்லை, ஆண்டுக்கொருமுறை வாக்குக் கேட்டுப் பொறுப்புக்கு வரும் ஒரு சங்கத்தின் செயலாளர் அதைக் கொடுக்க மறுப்பானேன்?

ஓவியத் தோழர்களே! அடுத்த ஆண்டும் அறிவிப்பு வரும். அனுப்புங்கள், தயங்காமல் அனுப்புங்கள். திரும்பி வந்தால் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு வாளாவிராதீர்கள். காரணம் கேட்டு ஒரு மடல் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். நூறுபேர் எழுதினால் செயற்குழுவின் மேசைக்குப் போகும். அங்கே அது படிக்கப்படும் நாளில், அந்தக் கடைசி வரியை அவர்கள் மாற்றி எழுதியே தீரவேண்டும்.