மாணவர் பகுதி: கால் பெயராமல் மாநிலம் மாறியோர்

பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு பயிலச் செல்லும் நம் பிள்ளைகள், ஆங்குக் குடிபெயர்வு என்பது தனிப் பாடமாகவே விளங்குவதைக் காண்பர். போலந்து உழவனுக்கும் கிரேக்க அகதிக்கும் நமக்கும் என்ன உறவு என்று பெற்றோர் சிலர் வினவலாம். உறவு உண்டு. அதனைக் காண, கொள்ளேகாலையே சான்றாகக் கொள்வோம்.

கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் 31 வரையில் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மறுநாள், நவம்பர் 1-இல், மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. கன்னடம் பேசுவோர் மிகுந்த வட்டமாதலின் அம்முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஓரடியும் எடுத்து வையாமலே வேறு மாநிலத்துக் குடிகளாயின. ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. 1920-இல் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையால், இலட்சக்கணக்கான அங்கேரியர் தத்தம் வீட்டிலிருந்தபடியே உருமானியா, செக்கோசுலோவாக்கியா முதலிய நாடுகளின் குடிகளாயினர்.

இனி, எண்களைப் பார்ப்போம். குடிபெயர்வு பற்றி முதன்முதலில் விதிகள் வகுத்தவருள் இராவென்சுடைன் என்பார் தலைசிறந்தவர். 1885-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கில் குறிக்கப்பட்ட பிறந்த இடத்தையே அடிப்படையாகக் கொண்டது. இம்முறையை நம்மூருக்குப் பொருத்திப் பாருங்கள். 1950-இல் ஒருவர் கொள்ளேகாலிலிருந்து கோயமுத்தூருக்குப் பிழைக்கச் சென்றார் எனக் கொள்வோம். அன்று அவர் தம் மாவட்டத்தையே விட்டு நீங்கவில்லை. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ அவர் வேற்று மாநிலத்தில் பிறந்தவர். அதே ஆண்டில் மைசூர் நகருக்குச் சென்றவரோ மாநில எல்லையைக் கடந்தவர். 1961-இல் அவர் அந்த மாநிலத்திலேயே பிறந்தவராகி விடுகிறார். மனிதரை அயலாராக்குவது சில வேளைகளில் அவர் நடந்த வழியன்று. பிறர் வரைந்த கோடே ஆகும்.

கோடு ஒருபுறமிருக்க, துரத்தப்பட்டோர் வரலாறும் உண்டு. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில், மொழியன்று, சமயமே அளவுகோலாயிற்று. துருக்கி மொழியன்றி வேறறியாக் கிறித்தவரும் கிரேக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். அகதியரைக் காண நாம் அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. அன்றைய கொள்ளேகால் வட்டத்து ஒடையார்பாளையத்தில் 1974-இல் திபெத்தியர் குடியமர்த்தப்பட்டனர்.

அங்ஙனமாயின், பெயர்ந்தோர் உள்ளத்தை எங்ஙனம் அறிவது? எண்கள் அதனைச் சொல்லா. தாமசு, சுனானியெக்கி என்னும் அறிஞர் இருவர், அமெரிக்கா சென்ற போலந்து உழவர்க்கும் ஊரிலிருந்த சுற்றத்தார்க்கும் இடையே நடந்த கடிதங்களைத் திரட்டினர். அவற்றைக் கொண்டு 1918 முதல் 1920 வரையில் வெளிவந்த ஐந்து தொகுதிகள், இத்துறையின் அடிப்படை நூலாயின. அரைகுறையாய் எழுதப் படிக்கத் தெரிந்தோர் வரைந்த கடிதங்களே பேராசிரியர்க்குச் செல்வமாயின என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்தகைய செல்வம் நம் வீட்டுப் பெட்டிகளிலும் உண்டு. திருமண அழைப்பு, கடன் சீட்டு, பாட்டனார் எழுதிய அஞ்சலட்டை ஆகியவற்றைப் பழங்குப்பை என்று எரித்துவிடுகிறோம். எரிக்காத வீட்டிலும் அவற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லை. போலந்து உழவன் கடிதத்தை மொழிபெயர்ப்பில் கற்றுப் பட்டம் பெறும் மகன், தன் பாட்டியின் கடிதத்தைத் தலைகீழாய்ப் பிடிப்பானாயின், அக்கல்வி யாருக்குப் பயன்?

ஆகவே, பெற்றோர் இன்றே மூன்று செய்வாராக. பழைய கடிதங்களைத் திரட்டி, எழுதியவர் யார், எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில் என்று தனித்தாளில் குறித்து வைக்க. 1956-க்கு முற்பட்ட தாளாயின், சென்னை மாநிலம், கோயமுத்தூர் மாவட்டம் என்றும் சேர்த்தெழுதுக. அவ்வட்டத்தின் பழைய செய்திகளைத் தேடுவோர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டியிருக்கும். பிள்ளைகட்குத் தமிழும் கன்னடமும் படிக்கக் கற்பிக்க. எல்லைக்கு இருபுறமும் படிக்கத் தெரிந்தவனே எல்லையின் வரலாற்றை எழுத வல்லவன்.