கரையைப் பார்க்காமல் மதகைத் திறக்காதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் இன்றைக்கும் ஒரு பழைய ராஜ்தூத் 350 சத்தம் கேட்டால் போதும், டீக்கடையில் நாலு தலையாவது திரும்பும். யமஹா ஆர்.டி. 350 வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இங்கே கொண்டுவந்தது. ஜப்பானில் அதற்கு 39 குதிரைத்திறன். இங்கே முதலில் 30.5 ஆக்கினார்கள். பிறகு மைலேஜுக்காக வந்த 'லோ டார்க்' வண்டியில் அதுவும் 27 ஆனது.

"கம்பெனி நம்மை ஏமாற்றிவிட்டது, கட்டை அவிழ்த்து விடுவோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள் ரசிகர்கள். சிலிண்டர் போர்ட்டை ராவிப் பெரிதாக்கு, சைலன்சரை மாற்று, ஜெட்டை மாற்று... வண்டி பறக்கும்!

கோபம் நியாயம்தான். ஆனால் கம்பெனி பவரை மட்டுமா குறைத்தது? ஜப்பான் வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். நமக்கு வந்ததோ டிரம். போன குதிரைகளுக்காக அழுகிறவர்கள் போன பிரேக்குக்காக ஏன் அழுவதில்லை?

60-ல் போகிற வண்டி 90-ல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அதுவும் எந்த ரோட்டில்? அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதைக் காலால் துழாவிக்கொண்டு ஒரு அம்மா நிற்பார். இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் வயல். நெல்மணி மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போர்ட்டைப் பெரிதாக்கிவிட்டு அதற்கேற்ற ஜெட் போடாவிட்டால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் இறுகிக்கொள்ளும். ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிடும். ராவி எடுத்த இரும்பு திரும்ப வராது என்பது வேறு கதை.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அபராதத்தைக் கட்டிவிடலாம். அந்த அம்மாவின் காலுக்கு எந்தக் கவுண்டரில் போய்ப் பணம் கட்டுவது?

கரை தாங்குமா என்று பார்த்துத்தான் மதகைத் திறக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வண்டிக்கும் அதே கணக்குதான். முதலில் பிரேக் ஷூவையும் டயரையும் சரிபண்ணுங்கள். அப்புறம் அந்த 27 குதிரையை ஒரு நாள் ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள். நம்ம ஊர் ரோட்டுக்கு அதுவே அதிகம்.