பழைய கருவியும் புதிய கம்ப்யூட்டரும்

கல்லூரிகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் அண்மைக் காலத்தில் ஒரு விசித்திரமான சங்கடம் தோன்றியுள்ளது. பதினைந்து இருபது ஆண்டுகளாகப் பழுதின்றி உழைத்துவரும் மின்னணுத் தராசு ஒன்று மேஜைமீது இருக்கும். அதன் அருகே புதிதாக வாங்கப்பெற்ற கம்ப்யூட்டர் வந்து அமரும். தராசிலிருந்து வரும் கம்பியின் முனையைச் செருகுதற்குரிய இடம் மட்டும் அக்கம்ப்யூட்டரின் பின்புறத்தில் இராது. இதன் விளைவாக, ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கையும் காட்டவல்ல அத்தராசு காலங்கடந்தது என்று முத்திரையிடப்பெற்றுக் கழிவுப் பட்டியலில் சேர்கிறது. அல்லது, உதவியாளர் ஒருவர் நாள்முழுதும் எண்களைப் பார்த்துக் கையால் எழுதி, மாலையில் அவற்றைக் கம்ப்யூட்டரில் தட்டச்சுச் செய்கிறார், 0.1374 என்பது 0.1347 ஆவதற்கு ஒரு கணச் சோர்வே போதும். முதலாவது வீண் செலவு; இரண்டாவது வீண் உழைப்பு என்பதோடு, ஆராய்ச்சியின் நம்பகத்திற்கே ஊறு விளைப்பது.

காணாமற்போன அந்த இடத்திற்குச் சீரியல் போர்ட் என்று பெயர். எழுத்துக்களையும் எண்களையும் குறிக்கும் மின் துடிப்புக்களை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதால் இப்பெயர் ஏற்பட்டது. இதற்கென ஆர்.எஸ்.-232 என்னும் நியமத்தை அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் வகுத்தது. 1969-இல் திருத்தப்பெற்ற வடிவமே உலகெங்கும் பரவியது. கம்பியில் 3 முதல் 15 வோல்ட் வரை நேர்மின் அழுத்தம் இருப்பின் அது சுழி. அதே அளவு எதிர்மின் அழுத்தம் இருப்பின் அது ஒன்று. அமைப்பு இவ்வளவு எளியதாயிருந்தமையால் தராசு, நிறமாலைமானி, அழுத்தமானி, இரத்தப் பரிசோதனைக் கருவி, லாரி எடைமேடை முதலிய அனைத்தும் இதையே ஏற்றன. 1984-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் கம்ப்யூட்டரில் ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய முனையை அமைத்தனர். பிற்காலக் கருவிகள் பலவும் அதையே பின்பற்றின. 1996-இல் யு.எஸ்.பி. வந்தது. அதன்பின் பழைய முனை மேஜைக் கம்ப்யூட்டர்களிலிருந்து படிப்படியாக நீங்கியது.

சீரியல் போர்ட் வேகம் குறைந்தது என்பது அதன்மீது வழக்கமாகக் கூறப்படும் குறை. வினாடிக்கு 9600 துடிப்பு என்னும் சாதாரண வேகத்தில் ஏறக்குறைய 960 எழுத்துக்கள் செல்லும். தராசு அனுப்பும் ஒரு வரியில் இருபது எழுத்துக்கள் உண்டு எனக் கொண்டால், அது ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் வந்து சேர்ந்துவிடும். தராசுத் தட்டு அசைவற்று நிற்பதற்கே சில வினாடிகள் ஆகின்றன. கம்பியின் வேகம் இங்கே ஒரு பொருட்டன்று.

யு.எஸ்.பி. முனையில் செருகும் சிறிய மாற்றி ஒன்றை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கூறுவோர் பலர். எப்போதோ ஒருமுறை ஒரு கருவியின் அமைப்பை மாற்றுவதற்கு அது போதுமானதே. ஆனால் இரவும் பகலும் அளவுகளைப் பதியும் இடத்தில் அதன் குறைகள் வெளிப்படுகின்றன. தனக்கெனத் தொடரெண் இல்லாத மாற்றியை வேறொரு முனைக்கு மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதற்குப் புதியதொரு போர்ட் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. லினக்ஸிலோ, இரண்டு மாற்றிகள் உள்ளபோது எது முதலில் கண்டறியப்படுகிறதோ அதுவே முதல் எண்ணைப் பெறுகிறது. அறையைப் பெருக்குபவர் இரு கம்பிகளையும் எடுத்து இடம் மாற்றிச் செருகினால், ஒரு தராசின் எடை மற்றொரு தராசின் கணக்கில் ஏறக்கூடும். எந்த எச்சரிக்கையும் எழாது. கால அளவீட்டில் குறை இன்னும் வெளிப்படை. செயற்கைக்கோள் வழி நேரம் பெறும் ஏற்பிகள் வினாடிக்கு ஒரு துடிப்பை ஒன்பது ஊசி முனையின் முதல் ஊசிக்கு அனுப்புவதுண்டு. உள்ளமைந்த போர்ட் அதைச் சில மைக்ரோ வினாடித் துல்லியத்துடன் உணரும். முழுவேக யு.எஸ்.பி. மாற்றியிலோ கம்ப்யூட்டர் ஒரு மில்லி வினாடிக்கு ஒரு முறையே விசாரிக்கிறது. அத்துல்லியம் அங்கேயே போய்விடுகிறது. போலிச் சில்லுகள் கொண்ட மாற்றிகளும் சந்தையில் மலிந்துள்ளன. 2014-இல், மூலச் சில்லைச் செய்வோர் வெளியிட்ட இயக்கி மென்பொருள் ஒன்று அத்தகைய போலிகளைச் செயலற்றவையாக்கியதும் நிகழ்ந்தது. வாங்கியவருக்குத் தம்மிடம் இருந்தது போலி என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஆகவே நிலையாக ஓரிடத்தில் இருந்து உழைக்கும் கம்ப்யூட்டருக்கு உள்ளிருந்தே போர்ட் அமைப்பதுதான் முறை. இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பின்புறத்தில் முனை இல்லாத பல மேஜைக் கம்ப்யூட்டர்களின் தாய்ப்பலகையில் அந்தப் போர்ட் இன்றும் உயிருடன் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் இரு வரிசையாக ஒன்பது ஊசிகள் நிற்கும். பத்தாவது ஊசியின் இடம் வெறுமையாயிருக்கும். அருகில் காம் 1 என்று அச்சிட்டிருக்கும். அதில் செருகும் நாடாக்கம்பியும், மறுமுனையைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்தும் தகடும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புப் பக்கத்தில் போர்ட் இயங்கும்படி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இவ்வூசிகள் அமைந்த பலகைகள் எத்தனையோ ஆராய்ச்சிச் சாலைகளில் பெட்டி திறக்கப்படாமலே வயது முதிர்கின்றன என்பதில் ஐயமில்லை.

கம்பி வாங்குகையில் ஒரு கவனம் வேண்டும். பலகை ஊசிகளை வெளிமுனையோடு இணைப்பதில் இருவேறு ஒழுங்குகள் வழங்குகின்றன. ஒன்றில் பலகையின் இரண்டாம் ஊசி முனையின் இரண்டாம் ஊசிக்கே செல்லும். மற்றதில் அது ஆறாம் ஊசிக்குச் செல்லும். ஒழுங்கு மாறினால் கருவி வாய் திறவாது. தராசின்மீது பழி விழுந்து, நல்ல தராசு பழுது பார்ப்பவரிடம் சென்று திரும்புவது இதனால்தான்.

பலகையில் ஊசிகள் இல்லையெனில், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் உண்டெனில், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டை ஒன்றைப் பொருத்தலாம். இரண்டு அல்லது நான்கு போர்ட்டுகள் கொண்ட அட்டைகள் சில ஆயிரம் ரூபாய் விலையில் கிடைக்கின்றன. பழைய பி.சி.ஐ. அட்டை இப்புதிய துளையில் பொருந்தாது. குறுகிய பெட்டிக்கு அரை உயரத் தகடு தேவை. இவை சிறு விஷயங்கள். பெரிய விஷயம் மென்பொருளைப் பற்றியது. டாஸ் காலத்து நிரல்கள் சில 3எஃப்8 என்னும் குறிப்பிட்ட முகவரியிலேயே போர்ட்டைத் தேடும். பலகையில் உள்ள போர்ட் பெரும்பாலும் அம்முகவரியில் இருக்கும். அட்டையில் உள்ளது இராது. மேலும் 64-பிட் விண்டோஸில் அத்தகைய நிரல்கள் ஓடவே மாட்டா. அந்நிலையில், கருவியின் கையேட்டிலுள்ள கட்டளைகளைக் கொண்டு சிறிய நிரல் ஒன்றைப் புதிதாக எழுதிக்கொள்வதே நல்லது. தராசு போன்ற கருவிக்கு அது இயற்பியல் மாணவர் ஒருவர் சில நாட்களில் முடிக்கக்கூடிய பணி.

பழைய கருவிகளை இவ்வாறு கட்டிக்காப்பது முன்னேற்றத்திற்குத் தடை என்ற அபிப்பிராயம் ஒரு சாராரிடம் உண்டு. அளவுத்திருத்தத்தில் தேறாத கருவியையும், உதிரிப்பாகம் கிடைக்காத கருவியையும் நீக்க வேண்டியதே. அதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கருவியைச் சோதித்து வழங்க வேண்டுமே யல்லாது, கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்து வழங்கலாகாது. பத்து ஆண்டுகளாக ஒரே கருவியில் எடுத்த அளவுகளின் தொடர்ச்சி இடையில் அறுந்தால், பின்னர்த் தோன்றும் வேறுபாடு இயற்கையில் நேர்ந்ததா, கருவி மாறியதால் நேர்ந்ததா என்று பிரித்தறிய நீண்ட ஒப்பீடு தேவைப்படும். அந்த உழைப்பு எந்த விலைப்பட்டியலிலும் காணப்படுவதில்லை.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஒரு பொருளைப் பயனற்றதென்று அறிவிக்கும் அதிகாரி அதற்கான காரணத்தைப் பதிய வேண்டும் என்கின்றன. தராசுக்கு அருகிலுள்ள கம்ப்யூட்டரில் துளை இல்லை என்று அப்பத்தியில் எழுத எவரும் முன்வரார். காலங்கடந்தது என்ற ஒற்றைச் சொல்லை எழுதுவதோ எளிதாயிருக்கிறது. அதற்கு இடங்கொடாமலிருக்க, கொள்முதல் கோரிக்கையிலேயே இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்: தாய்ப்பலகையில் சீரியல் போர்ட் ஊசிகள் இருக்க வேண்டும், அதற்குரிய தகடும் கம்பியும் பொருத்தித் தரப்பட வேண்டும். கணக்குப் பிரிவினர் எல்லாத் துறைகளுக்கும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டரை மொத்தமாக வாங்குகையில் இவ்வரிகள் விடுபடுவது வழக்கம். கருவியைக் கையாள்பவரின் கையொப்பமின்றி அக்கோரிக்கை மேலே செல்லலாகாது.

கம்ப்யூட்டர் வந்து சேர்ந்த நாளன்றே அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். வெளிமுனையின் இரண்டாம் மூன்றாம் ஊசிகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, திரையில் ஓர் எழுத்தைத் தட்டினால், போர்ட் செம்மையாயிருப்பின் அவ்வெழுத்தே திரும்பி வரும். இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். ரசீதில் கையெழுத்திடுவது அதற்குப் பின்னரே இருக்கட்டும்.