பள்ளத்தில் மோட்டார் ஓடுது... பக்கத்து வீட்டு கிணறு வத்துது!
தினம் எத்தனை லாரி தண்ணீர்? கணக்கு போட்டார்களா?

சென்னை,

திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் வட்டாரம் மணல் பூமி. அடுக்குமாடி கட்ட பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறி வருகிறது. சுற்றிலும் போர் போட்டு ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டுகிறார்கள். தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது!

"எங்க பள்ளத்து தண்ணியைத்தானே எடுக்கறோம்" என்பது மேஸ்திரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அது தப்பு. மணலுக்குள் காம்பவுண்டு சுவர் கிடையாது. இங்கே இறைத்தால் அக்கம்பக்கத்துத் தண்ணீரும் இங்கேதான் ஓடி வரும்.

60 லாரியா? 400 லாரியா?

எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட வழி உண்டு. 1863-ல் பிரான்ஸ் என்ஜினீயர் டுப்புயி வகுத்த கணக்குதான் இன்றும் அடிப்படை.

உதாரணம்: 65 அடிக்கு 65 அடி பள்ளம். நீர் நிற்கும் மணல் 33 அடி கனம். நீர்மட்டத்தை 13 அடி இறக்க வேண்டும். நடுத்தர மணல் என்றால் தினம் சுமார் 7 லட்சம் லிட்டர் இறைக்கணும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 60 லாரி! நீர்மட்டம் இறங்குவது 400 அடி தூரம் வரை எட்டும்.

அதே பள்ளம். மணல் மட்டும் 10 மடங்கு வேகமாகத் தண்ணீர் விடும் பருமணல். அப்போது தினம் 49 லட்சம் லிட்டர். 400 லாரிக்கு மேல்! பாதிப்பு 1,200 அடியைத் தாண்டும்.

ஆக, மணலின் குணம் தெரியாமல் போடும் கணக்கு வெறும் குத்துமதிப்பு. குறைத்துப் போட்டால் மோட்டார் திணறும். அடியிலிருந்து மணல் கொதித்து பள்ளச் சரிவு இடியும். ஆள் உள்ளே இருந்தால் கதி என்ன? போர் வழியாக மணலும் சேர்ந்து வெளியேறினால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடியில் பொந்து விழும். களிமண் கலந்த இடத்தில் நீர் இறங்கினால் மண் அமுங்கி சுவர் வெடிக்கும். கடலோரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும் ஆபத்து வேறு.

என்ன செய்யணும்?

முதலில் ஒரு சோதனை போர். ஒரே அளவாகத் தண்ணீர் இறைத்து, தள்ளித் தள்ளி இறக்கிய இரண்டு குழாய்களில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் மணலின் குணம் தெரிந்துவிடும். இறைத்த தண்ணீரை சாக்கடையில் விடாமல் தள்ளி ஒரு கிணற்றில் திரும்ப இறக்கினால் அக்கம்பக்கத்து கிணறும் பிழைக்கும்.

உங்கள் தெருவில் பள்ளம் தோண்டுகிறார்களா? மோட்டார் ஓடுவதற்கு முன்பே என்ஜினீயரிடம் கேளுங்கள்: "சோதனை போர் போட்டீங்களா? தினம் எத்தனை லிட்டர்?" உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தையும் அன்றைக்கே அளந்து எழுதி வையுங்கள். நாளைக்கு கிணறு வற்றினால் பேசுவதற்கு அந்தச் சீட்டுதான் கையில் இருக்கும்.