பெட்டி பேசக் கூடாது



மூணாற்றுத் தோட்ட லயத்திலே வளர்ந்து, இயற்பியல் முதுகலை படிக்க வந்தவன் நான். சென்ற விடுமுறையில், பாலக்காட்டு மாமா வீட்டில் படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை எழுந்தது. “படித்தவனாயிற்றே, அறைக்கேற்ற ஸ்பீக்கரை நீயே செய்து கொடு” என்றார். செய்தேன். கதாநாயகன் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது!

குறை என்ன? பலகை மெல்லியது, வைத்த இடமோ மூலை. கூம்பு அதிர்ந்தது, கூடவே பெட்டியும் அதிர்ந்தது. மூலைச் சுவர்கள் கீழ்ச்சுரத்தைப் பெருக்கின. ஒத்ததிர்வுக்கு வரையறை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், பலகையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அருகே பெருவெம்புக்குப் போனேன். மிருதங்கம் செய்யும் ஊர். அங்கே ஒரு பெரியவர் தோலில் கருஞ்சாந்தைச் சிறிது சிறிதாகப் பூசினார், தேய்த்தார், தட்டிக் கேட்டார், மீண்டும் பூசினார். அந்தப் பூச்சே மேற்சுரங்களை இசைவாக்குகிறது என்பதைச் சி. வி. இராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எடுத்துரைத்தார். பட்டறைக் காதுகள் அதற்கு முன்பே அறிந்த உண்மையன்றோ அது!

திரும்பி வந்தேன். பெட்டிக்குள் குறுக்குக் கட்டை கொடுத்தேன். மூலையை விட்டு நகர்த்தினேன். தட்டினேன், கேட்டேன், திருத்தினேன். பேச்சு தெளிந்தது. வீணையில் மரம் பாட வேண்டும். ஸ்பீக்கரில் மரம் வாய்மூட வேண்டும். இரண்டுக்கும் காதே நீதிபதி.

பட்டறையைக் கைத்தொழிலென்று ஒதுக்கிவிட்டு, பட்டத்தை மட்டும் அறிவென்று போற்றுகிறோம். இது தகுமா? நம் மன்றம் ஒரு மேடைப்பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒருநாள் பெருவெம்புக்குச் செல்லட்டும். அங்கே நாம் விருந்தினர் அல்லர், மாணவர்!