சிறார் வன்முறைக்கு வறுமைதான் காரணமா? இரு வழக்குகள் உணர்த்துவது என்ன?

புதுதில்லி: சிறார்கள் கொடுங்குற்றங்களில் சிக்கும்போதெல்லாம் வறுமையும் வளர்ப்பும் காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. நாடறிந்த இரு வழக்குகள் இந்த விளக்கத்தின் எல்லையைக் காட்டுகின்றன.

2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட சிறுவன், ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே வேலை தேடி வீட்டைவிட்டு வெளியேறியவர்.

2017 செப்டம்பரில் குருகிராமில் தனியார் பள்ளியில் 7 வயது மாணவர் கொல்லப்பட்ட வழக்கு இதற்கு நேர்மாறானது. ஹரியாணா காவல்துறை முதலில் பேருந்து நடத்துநரைக் கைது செய்தது. பின்னர் விசாரணையை ஏற்ற சிபிஐ, தேர்வைத் தள்ளிப்போடும் நோக்கில் அதே பள்ளியின் 16 வயது மாணவர் கொலை செய்ததாகக் குற்றஞ்சாட்டியது. நடத்துநர் 2018-இல் விடுவிக்கப்பட்டார். சந்தேகம் முதலில் எளிய தொழிலாளி மீதே விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பிடிபடும் சிறார்களில் பெரும்பாலோர் பெற்றோருடன் வசிப்பவர்களே என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள். ஆனால், அவை காட்டுவது பிடிபட்டவர்களை மட்டுமே.

கொடுங்குற்ற வழக்குகளில் 16 முதல் 18 வயது வரையிலானோரின் மனத்திறன், விளைவை உணரும் ஆற்றல், குற்றச் சூழல் ஆகியவற்றை சிறார் நீதி வாரியம் மதிப்பிட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். வாரியத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல வல்லுநர் இல்லாவிடில் நிபுணர் உதவி கட்டாயம் என குருகிராம் வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வறுமை ஒரு சூழலே. அதுவே தீர்ப்பாகிவிட்டால் ஏழைச் சிறுவர் எளிதில் குற்றவாளியாகக் கருதப்படுவார். வசதியான வீட்டுச் சிறுவரின் சிக்கல் கவனிக்கப்படாமலே போகும்.