பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!

கிளாஸ்ல ஒருத்தன் நூத்துக்கு நூறு வாங்கினாலே 'பிட் அடிச்சிருப்பானோ'ன்னு பார்க்கிற ஆளுங்க நாம. மருத்துவ ஆராய்ச்சியில அப்படி ஒரு ரிசல்ட் வந்தா? 2022 ஜூன்ல வந்துச்சு.

விஷயம், மலக்குடல் புற்றுநோய். பேரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டாதீங்க பாஸ்!

கட்டி குடல் சுவரைத் துளைச்சு வளர்ந்திருக்கும், இல்லேன்னா பக்கத்து நிணநீர் முடிச்சுகள்ல பரவியிருக்கும். ஆனா கல்லீரல், நுரையீரல்னு தூரமாப் போயிருக்காது. இந்தக் கட்டத்துக்கு வழக்கமான வைத்தியம் கீமோ, ரேடியேஷன், ஆபரேஷன். பலர் பிழைச்சிடுறாங்க. ஆனா இடுப்புல பாயுற ரேடியேஷன் குழந்தை பெறும் வாய்ப்பையே பறிச்சிடலாம். சிலருக்கு ஆசனவாயையே எடுத்துட்டு, வயித்துல துளை போட்டு ஆயுசு முழுக்க ஒரு பை. இருபத்தெட்டு வயசுல இதைக் கேட்டா எப்படி இருக்கும்?

நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டாக்டர் ஆண்ட்ரியா செர்செக் குழுவினர் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாசம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் ரேடியேஷன், ஆபரேஷன் எல்லாம் செய்யறதா பிளான். செய்யவே வேண்டியிருக்கலை! மருந்தை முடிச்ச 12 பேருக்கும் ஸ்கேன்லயும் சரி, பயாப்ஸியிலயும் சரி, கட்டியைக் காணோம்.

எப்படி? செல் பிரியும்போது டி.என்.ஏ. ஜெராக்ஸ் ஆகும். அதுல வர்ற எழுத்துப்பிழையைத் திருத்த உடம்புல ஒரு ஏற்பாடு உண்டு. இவங்க கட்டியில அது வேலை செய்யலை. பிழைகள் குவிஞ்சதால, அந்தக் கட்டி நோய் எதிர்ப்பு செல்களுக்குப் 'வேத்தாளா'த் தெரியும். ஆனா அந்த செல்கள்ல பி.டி.-1னு ஒரு பிரேக் இருக்கு. மருந்து அந்த பிரேக்கை எடுத்துவிட்டுடுது, அவ்ளோதான்.

'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு'ன்னு பரவின செய்திகள் சொல்லாம விட்டது இதைத்தான்: இந்தப் பிழைதிருத்தக் கோளாறு மலக்குடல் புற்றுநோயாளிகள்ல சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் உண்டு. மத்தவங்களுக்குப் பழைய வழிதான். ஆனாலும் 2025ல வந்த அடுத்த அறிக்கையில, சிகிச்சையை முடிச்ச 49 மலக்குடல் நோயாளிகள்ல 49 பேருக்கும் கட்டி மறைஞ்சிருந்தது. தற்செயல்னு ஒதுக்க முடியாத கணக்கு!

கோளாறு இருக்கா இல்லையான்னு பயாப்ஸி துணுக்கிலேயே பார்த்துடலாம். ஆனா பயாப்ஸி வரைக்கும் போகணுமே? மலத்துல ரத்தம் வந்தா 'மூலம்தான், சூடு'ன்னு மாசக்கணக்குல மோர் குடிச்சுட்டு இருக்கிறவங்கதானே நம்மில் அதிகம்!